கைமாறாத ஒரு கேஸ் கட்டு

மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் எனக்கு உறுப்பினர் பதவி என்று உத்தரவு வந்த அன்று, அடையாறு வீட்டில் பாயசம் வைத்தார்கள். மயிலாப்பூர் ஆபீசில் என் குமாஸ்தா ஒரு நீள நோட்டை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாயசம் அரை மணி நேரத்தில் தீர்ந்தது. நோட்டு வேலை மூன்று வாரம் ஓடியது.

பதவியில் இருப்பவர் வக்கீல் தொழில் செய்யக் கூடாது. கையில் இருக்கும் ஒவ்வொரு வழக்கையும் வேறொரு வக்கீலிடம் ஒப்படைத்தாக வேண்டும். கட்சிக்காரர் நேரில் வந்து புது வக்காலத்தில் கையெழுத்துப் போடுவார். நான் அதன் ஓரத்தில் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கையெழுத்திடுவேன். கேஸ் கட்டு அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாறும். அதுவரை நீதிமன்றத்தைப் பொறுத்தமட்டில் நான்தான் வக்கீல், நான் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும்.

மாறிப் போகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதம். "நீங்க போயிட்டா எங்க கதி என்ன சார்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்ட ஒருவர், அதே மூச்சில், புது வக்கீல் இங்கிலீஷ் நன்றாகப் பேசுவாரா என்று விசாரித்தார். இன்னொருவர், இனிமேல் கரண்ட் பில்லை நான்தான் போடப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு, தன் வீட்டு அட்டையை எடுத்து நீட்டினார். குமாஸ்தா எல்லாரையும் வரிசையில் உட்காரவைத்து, நோட்டில் ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே வந்தார். அவர் நொச்சிக்குப்பத்துக்காரர். நான் ஆபீஸ் திறந்த நாளிலிருந்து என்னோடு இருந்தவர். என் வயதுதான், என்னைவிடச் சட்டம் கொஞ்சம் அதிகம் தெரியும்.

கடைசியில் அடிக்காமல் நின்றது ஒரே ஒரு பெயர், மந்தைவெளி தையல்காரம்மா.

மந்தைவெளியில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தார் அவர். மோட்டார் வைத்த நான்கு தையல் மிஷின்கள், கூட மூன்று பெண்கள். தி.நகர் புடவைக் கடைகளிலிருந்து ரவிக்கைத் துணிகள் மூட்டை மூட்டையாக வரும், தைத்துப் போகும். வீட்டுக்காரர் இடத்தை இடித்து அடுக்குமாடி கட்டத் தீர்மானித்தார். முன்கட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள். இந்த அம்மா, ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, அதுவரை போகமாட்டேன் என்றார். வீட்டுக்காரர் சண்டை போடவில்லை. தன் பெயரில் உள்ள மின் இணைப்பைத் திருப்பி ஒப்படைக்கிறேன் என்று மின்வாரியத்துக்கு ஓர் எழுத்துக் கொடுத்தார், அவ்வளவுதான். மீட்டரைக் கழற்றிவிட்டால் மிஷின் ஓடாது. மிஷின் ஓடாவிட்டால் அந்த அம்மா அங்கே இருந்து என்ன பயன்? கெட்டிக்காரத்தனமான யோசனை என்று எதிர்க்கட்சி வக்கீலிடமே சொன்னேன்.

வழக்குப் போட்டு, தீர்ப்பு வரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்று இடைக்காலத் தடை வாங்கினேன். பெரிய வழக்கு இல்லை. ஆனால் அந்த அம்மாவை எனக்குப் பிடிக்கும். அழமாட்டார். தேதி மறக்கமாட்டார். கூண்டில் ஏறினால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார். இப்படிப்பட்ட கட்சிக்காரர் அமைவதற்குப் பெரிய பெரிய வக்கீல்கள் தவம் கிடக்கிறார்கள்.

கட்டுகள் கைமாறிய அந்த மூன்று வாரமும் அவர் ஊரில் இல்லை. தங்கையின் பிரசவத்துக்காக வேலூரில் தாய்வீட்டுக்குப் போயிருந்தார். குமாஸ்தா, "மத்த கேஸுங்க மாதிரி இத்தயும் ஜூனியர் சார்கிட்டயே குடுத்துருவோம் சார். அந்த அம்மா வந்ததும் நான் கையெழுத்து வாங்கிக்கறேன்" என்றார்.

எனக்கு மனசு வரவில்லை. என் ஜூனியர் நல்ல பிள்ளை, ஆனால் எதிராளி குரலை உயர்த்தினால் இவன் குரல் உள்ளே போய்விடும். இதற்கு வாய் உள்ள ஆள் வேண்டும். ஒரு சிநேகிதரை மனதில் வைத்திருந்தேன். "இத நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிக் கட்டை வாங்கிக்கொண்டேன். குமாஸ்தா நோட்டில் 'கட்டு சாரிடம்' என்று எழுதி, அந்தப் பெயரையும் அடித்தார்.

அன்று மாலை எனக்குப் பிரிவுபசாரம். சால்வை மேல் சால்வையாகப் போர்த்தினார்கள். மே மாத வியர்வையில் ஏழெட்டுச் சால்வைகளோடு நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் ஒரு பெரிய பையில் திணித்து, கையிலிருந்த கட்டையும் அதிலேயே வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் பதவியேற்பு. பை பரணுக்குப் போனது.

மறந்துவிட்டேன். இதற்கு வேறு நல்ல வார்த்தை இருக்கிறதா என்று பல நாள் தேடிப் பார்த்திருக்கிறேன். இல்லை.

புது வேலை எனக்குப் பிடித்திருந்தது. மின்சாரத்துக்கு என்ன விலை என்பது சாதாரணக் கேள்வி இல்லை. நிலக்கரி எங்கிருந்து வருகிறது, வழியில் கம்பியில் எவ்வளவு போகிறது, வீட்டுக்கு ஒரு விலை, கடைக்கு ஒரு விலை என்றால் வீட்டிலேயே கடை வைத்திருப்பவருக்கு எது - இப்படியே போகும். பொறியாளர் ஒரு பக்கம், கணக்காளர் ஒரு பக்கம், நடுவில் சட்டம் மட்டும் தெரிந்த நான். முதல் இரண்டு மாதம் பள்ளிக்கூடப் பையன் போலப் படித்தேன். நேற்றுவரை லஸ் முனையில் என்னோடு நின்று காபி குடித்த வக்கீல்கள், இப்போது நான் உள்ளே வந்தால் எழுந்து நின்றார்கள். முதல் நாள் கூச்சமாக இருந்தது. இரண்டாவது வாரம், எழுந்திருக்கத் தாமதித்த ஒருவரைக் கவனித்தேன்.

ஒதுங்கி இருப்பதுதான் இந்தப் பதவிக்கு அழகு என்று முடிவு செய்தேன். சங்கக் கூட்டங்களுக்குப் போவதில்லை. மார்கழிக் கச்சேரிகளில்கூட, பழைய சகாக்கள் கண்ணில் படாத ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். கட்சிக்காரர்களின் எண்களை எல்லாம் போனிலிருந்து அழித்தேன். பெயர் வராத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுப்பதில்லை. வழக்கு, மனு, காகிதம் என்று யார் வந்தாலும் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று வீட்டுக் காவலாளிக்கு உத்தரவு போட்டேன். இதை மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"சன்யாசம் வாங்கிண்டவா கூட, வாசல்ல யாராவது வந்து நின்னா என்னன்னு கேப்பா" என்றாள்.

நான் சிரித்தேன். அவளுக்கு இதெல்லாம் புரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டணத்தை மாற்றி அமைக்கும் முன் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். அந்த வருடம் தி.நகரில் ஓர் அரங்கத்தில் கூட்டம் போட்டோம். மேடையில் தலைவரும் உறுப்பினர்களும். கீழே சிறுதொழில்காரர்கள், குடியிருப்புச் சங்கத்துப் பெரியவர்கள், ஒவ்வொரு கூட்டத்துக்கும் தவறாமல் வந்து எங்களைத் திட்டிவிட்டுப் போகும் நான்கைந்து பேர். டோக்கன் வாங்கியவர் யாரும் பேசலாம். ஐந்து நிமிடம் ஆனால் மணி அடிக்கும். எது சொன்னாலும் செயலாளர் குறித்துக்கொள்வார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தூக்கம் கண்ணைச் சுற்றும் நேரத்தில், பர்தாவின் மேல் அளவு நாடாவைத் தோளில் போட்டபடி ஒரு பெண் மைக் முன்னால் வந்து நின்றார். நாடாவைக் கழற்றக்கூட நேரமில்லாமல் வேலையிலிருந்து ஓடி வந்திருக்கிறார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, மந்தைவெளி தையல்காரம்மா. அந்த நொடியில் கட்டும் ஞாபகம் வந்தது.

"வணக்கம் சார். யூனிட்டுக்கு எவ்ளோ ஏத்தலாம்னு பேசிகினு கீறீங்க. எங்க வூட்ல மீட்டரே இல்ல சார். கயட்டிகினு பூட்டாங்கோ" என்று ஆரம்பித்தார்.

தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி, பொறுமைசாலி. "அம்மா, இது கட்டணம் சம்பந்தப்பட்ட கூட்டம். தனிப்பட்ட புகாருக்கு வேற இடம் இருக்கு. உங்க பகுதி குறைதீர் மன்றத்துல..."

"புகார் இல்ல சார். யாரு மேலயும் நான் புகார் சொல்ல வரல. அதோ, ஓரத்து சேர்ல உக்காந்துகினு கீறாரே, அவர்தான் என் வக்கீலு. தேதிய எனக்கு யாரும் சொல்லல, கேஸ் கூப்ட்ட அன்னிக்கி யாரும் வரல. தள்ளுபடி ஆயிடிச்சி. ஸ்டேயும் பூட்ச்சி. என் கேஸ் கட்டு அவராண்டதான் கீது. வூட்டுக்குப் போனேன், உள்ள உடல. போன் பண்ணேன், எடுக்கல. அந்தக் கட்ட மட்டும் குடுக்கச் சொல்லுங்க. கேஸைத் திருப்பி எடுக்கச் சொல்லி முப்பது நாளுக்குள்ள மனு போடணுமாம். பத்தொம்போது நாள் பூட்ச்சி சார்."

அரங்கத்தில் சிலர் சிரித்தார்கள். சிலர் என்னைப் பார்த்தார்கள். மேடையில் இருக்கும்போது தனிநபர் விவகாரத்துக்குப் பதில் சொல்லக் கூடாது. அது முறையும் இல்லை. நான் எதிரிலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினேன். மணி அடித்தது. அவர் இன்னும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தபடி நின்றுவிட்டு, அடுத்த டோக்கன்காரருக்கு வழிவிட்டு இறங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பரணில் ஏறச் சொன்னேன். சால்வைகளுக்கு அடியில் கட்டு அப்படியே இருந்தது. மேலட்டையில் என் கையெழுத்திலேயே 'புது வக்காலத்து - கையெழுத்து வாங்கணும்' என்று எழுதியிருந்தது.

"ரெண்டு தரம் வந்தாளாம் அந்தப் பொண்ணு" என்றாள் மனைவி. "கேட்காரன் இப்பதான் சொல்றான். நீங்கதான் யாரையும் விடாதேன்னு சொல்லி வெச்சிருக்கேளாமே."

நான் கட்டின் மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்தேன்.

"மின்சார ஆபீசுக்கு நீங்க ஒரு போன் பண்ணினா இன்னிக்கே மீட்டர் வந்துடாதோ?"

"வந்துடும். அதனாலதான் பண்ணக் கூடாது" என்றேன். இந்தப் பதில் அப்போது எனக்குத் திருப்தியாக இருந்தது. இப்போதும் அது தவறு என்று சொல்லமாட்டேன்.

அன்றே குமாஸ்தாவைக் கூப்பிட்டு அனுப்பினேன். பொழுது சாய்வதற்குள் வந்தார். கட்டைப் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டார். நான் அதை வேறு வக்கீலிடம் கொடுத்திருப்பேன் என்று நம்பி அவர் அந்தத் தேதியைத் தன் டைரியிலிருந்தே எடுத்துவிட்டிருந்தார். மறுநாளே கட்டு அந்த அம்மாவிடம் போயிற்று. ராயப்பேட்டைப் பக்கம் ஒரு பெண் வக்கீலையும் ஏற்பாடு செய்தார். முப்பது நாளுக்குள் மனு போட்டுவிடலாம். ஆனால் மனுவில் ஒரு காரணம் சொல்ல வேண்டும். அன்று வக்கீல் ஏன் வரவில்லை?

இந்த ஊர் நீதிமன்றங்களில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. வழக்கு ஆள் வராமல் தள்ளுபடியானால் குற்றவாளி எப்போதும் ஒருவர்தான், வக்கீலின் குமாஸ்தா. வாய்தா தேதியை டைரியில் மாற்றிக் குறித்திருப்பார். அல்லது அன்று பார்த்துக் காய்ச்சலில் படுத்திருப்பார். அவரே ஒரு அஃபிடவிட்டில் அப்படிக் கையெழுத்தும் போட்டுக் கொடுப்பார். நீதிபதிக்கு இது கதை என்று தெரியும். எதிர்க்கட்சி வக்கீலுக்கும் தெரியும். அடுத்த வாரம் அவரும் இதையேதான் எழுதப் போகிறார். வழக்கு மறுபடி கோப்புக்கு வந்துவிடும். என் குமாஸ்தா இந்த முப்பது வருடத்தில் எத்தனை முறை காய்ச்சலில் படுத்திருக்கிறார் என்று எண்ணினால், அவர் உயிரோடு இருப்பதே அதிசயம்.

"வழக்கம்போல என் தலைல போட்ருவோம் சார்" என்றார். "ரெண்டே வரி. இப்பவே கையெழுத்துப் போட்டுத் தர்றேன். அடுத்த வாரம் அந்த அம்மாக்கு கரண்டு வந்துரும்."

"பொய் அஃபிடவிட் வேண்டாம்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தினி வருஷம் போட்டோமே சார்?"

"அப்ப நான் வக்கீல்."

அவர் முகம் மாறியது. உடனே சரிசெய்யப் பார்த்தேன். "தப்பு உங்களோடது இல்ல, என்னோடது. உண்மையா நடந்தத நானே அஃபிடவிட்டாக் குடுக்கறேன். மனுவுல அப்படியே எழுதச் சொல்லுங்க."

"அது இன்னும் ஸ்ட்ராங்கு சார்" என்று உற்சாகமாகக் கிளம்பிப் போனார். மனுவும் கெடுவுக்குள் தாக்கலாயிற்று. 'முந்தைய வக்கீல் கட்டைத் தவறுதலாகத் தம்மிடமே வைத்துக்கொண்டுவிட்டார். அவருடைய அஃபிடவிட் தனியே தாக்கல் செய்யப்படும்' என்று அதில் எழுதியிருந்தார்கள்.

நான் எழுத உட்கார்ந்தேன். முதல் பத்தி வந்தது. 'எனது கவனக்குறைவினால்' என்ற இடத்தில் பேனா நின்றது. ஆணையத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், நான் கவனமில்லாதவன் என்று பிரமாணம் செய்து கையெழுத்துப் போடலாமா? தலைவரிடம் தேநீர் வேளையில் கேட்டேன்.

"சார், எழுத்துல குடுத்தா அது ரெக்கார்டு. நாளைக்கு நம்ம உத்தரவு பிடிக்காத எவனாவது அதோட காப்பியை வெச்சு, இவர் கட்டையே தொலைக்கறவர்னு ஹைகோர்ட்டுக்குப் போவான். எதுக்கும் அரசாங்கத்துக்கு ஒரு லெட்டர் போட்டு பர்மிஷன் வாங்கிடுங்க. சேஃப்" என்றார்.

நல்லெண்ணத்தில்தான் சொன்னார். கடிதத்தை எழுதியவன் நான். 'மேற்படி விஷயத்தில் உறுப்பினர் என்ற முறையில் அஃபிடவிட் தாக்கல் செய்ய அனுமதி வேண்டப்படுகிறது.' அரசாங்கத்துக்குப் போகும் கடிதம் எத்தனை மேஜை ஏறி இறங்கும் என்பது, முப்பது வருடம் அதை வைத்தே பிழைத்த எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் உறையை ஒட்டிக் கொடுத்தபோது பெரிய நிம்மதி. பொய் சொல்லவும் இல்லை, தப்பிக்கவும் இல்லை, முறைப்படி நடந்துகொண்டேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

மனு முதல் முறை விசாரணைக்கு வந்தது. வீட்டுக்காரரின் வக்கீல், பழைய வக்கீல் பெரிய பதவியில் இருக்கிறார், அவர் மேல் வாய்க்கு வந்ததைச் சொல்லலாமா, அவர் கையெழுத்து எங்கே என்று கேட்டார். நியாயமான கேள்வி. நீதிபதி இரண்டு வாரம் வாய்தா போட்டார். சாயங்காலம் குமாஸ்தா போன் செய்தார்.

"சார், அது வந்துச்சா?"

"இன்னும் வரல."

இரண்டாவது வாய்தாவிலும் இதே கேள்வி, இதே பதில். மூன்றாவது முறை அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், என்னோடதையாவது போட்ருவோமா? காய்ச்சல்னு?" என்றார்.

"மனுவுல ஒண்ணு சொல்லிட்டு அஃபிடவிட்ல வேற சொன்னா, எல்லாமே பொய்னு ஆயிடும்" என்றேன். சட்டப்படி அதுவும் சரிதான். நான் அந்த இரண்டரை மாதத்தில் சொன்ன எல்லாமே சட்டப்படி சரி.

மந்தைவெளிச் செய்திகளையும் அவரே சொல்வார், நான் கேட்காமலே. மோட்டார் மிஷின்கள் நின்றுவிட்டன. எங்கிருந்தோ இரண்டு கால்மிதி மிஷின்கள் வாங்கிப்போட்டு, வாசல் வெளிச்சத்தில் தைக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இரக்கப்பட்டுச் சுவர் மேல் ஒரு ஒயர் போட்டுக் கொடுத்தார். நாலாம் நாள் அவரே பயந்து எடுத்துவிட்டார். ஒரு வீட்டு இணைப்பிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பது விதிமீறல். அந்த விதி இருக்கும் புத்தகம் என் மேஜை மேலேயே இருந்தது. முகூர்த்த நாட்கள் ஆரம்பித்தன. கடைக்காரர்கள் ஒரு மூட்டை குறைத்தார்கள், பிறகு இரண்டு. கூட வேலை செய்த மூன்று பெண்களில் ஒருத்தி நின்றுவிட்டாள்.

கேட்கும்போது சங்கடமாக இருக்கும். போனை வைத்துவிட்டுக் கட்டண ஆணையின் வரைவைத் திருத்துவேன். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. அந்த வருட ஆணையில் என் பகுதியைப் பலர் பாராட்டினார்கள்.

பதில் வந்தது. ஒரே வரி. 'மேற்படி பொருளில் அரசின் அனுமதி ஏதும் தேவையில்லை எனத் தெரிவிக்கப்படுகிறது.'

மூன்று முறை படித்தேன். எனக்கு நேர்ந்ததை நான் சொல்வதற்கு யாருடைய அனுமதி வேண்டும்? இதே கேள்வியோடு ஒரு கட்சிக்காரர் என் ஆபீசுக்கு வந்திருந்தால், உட்காரக்கூடச் சொல்லாமல் பதில் சொல்லி அனுப்பியிருப்பேன். அனுமதிக்காக நான் எழுதவில்லை. யாராவது தடுக்க மாட்டார்களா என்றுதான் எழுதியிருக்கிறேன். அறையில் யாரும் இல்லை. ஆனாலும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாத அளவுக்கு வெட்கமாக இருந்தது.

அஃபிடவிட்டை அரை மணி நேரத்தில் எழுதி முடித்தேன். 'எனது கவனக்குறைவினால்' என்ற இடத்தில் இந்த முறை நிற்கவில்லை. நோட்டரியிடம் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, நானே குமாஸ்தாவுக்குப் போன் செய்தேன்.

"மனுவ வாபஸ் வாங்கிட்டாங்க சார். போன வாரம்" என்றார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லி இன்னா சார் ஆவப் போது?" முப்பது வருடத்தில் அவர் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. பிறகு அவரே, அந்த அம்மா கோடம்பாக்கத்தில் தங்கை வீட்டு மாடிக்குப் போய்விட்டதாகச் சொல்லி விலாசமும் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினேன். அரசாங்கக் கார் வேண்டாம் என்று ஆட்டோவில் போனேன். கீழே சினிமாவுக்கு உடைகள் வாடகைக்கு விடும் கடை. ராஜா உடுப்பும் போலீஸ் உடுப்பும் ஒரே கொடியில் தொங்கின. மாடி அறையில் இரண்டு மிஷின்கள். அவர் காக்கிச் சட்டை ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க வக்கீல் சார்" என்று எழுந்து, துணிகளை ஒதுக்கி, நாற்காலி போட்டார். இந்த ஒரு வருடத்தில் என்னை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை.

நான் உட்காரவில்லை. "தப்பு என்னோடதும்மா. கட்ட நான்தான் மறந்துட்டேன். அதுக்கப்புறமும் உடனே செய்ய வேண்டியதச் செய்யல. இத நான் முன்னாடியே குடுத்திருக்கணும்" என்று அஃபிடவிட்டை நீட்டினேன்.

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, ஜன்னல் பக்கம் போய் நின்று, ஒரு வரி விடாமல் படித்தார். தமிழில்தான் எழுதியிருந்தேன்.

"இத்த அன்னிக்கே குடுத்திருக்க முடியாதா சார்?"

"முடிஞ்சிருக்கும்" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். மடித்திருந்த மடிப்பிலேயே மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "நாலு மிஷின்ல ரெண்டு வித்துட்டேன். தி.நகர் கடைங்க வேற ஆள் பாத்துகிச்சி. இப்ப கீழ் கடைக்கு ஆல்ட்ரேஷன் பண்ணிகினு கீறேன். பரவால்ல, ஓடுது."

எனக்குள் இருந்த வக்கீல் இன்னும் சாகவில்லை. மிரட்டி வெளியேற்றியிருந்தால் அதை வைத்து ஏதாவது செய்யலாம் என்று தோன்றியது. "வீட்டுக்காரர் ஏதாவது மிரட்டினாரா? ஆள் வெச்சு ஏதாவது?" என்று கேட்டேன்.

"இல்ல சார், பொய் சொல்லக் கூடாது" என்றார் அவர். "நேர்லயே வந்து தரைல உக்காந்து பேசனாரு. 'இன்னாம்மா பண்ணட்டும், பில்டர் என்ன நெருக்கறான்'னு அவர் கஷ்டத்த சொன்னாரு. மிஷின் ஏத்தறதுக்கு வண்டி அவரே பேசி உட்டாரு. இங்க வந்தப்புறம் கூட ஒருவாட்டி, வேலை கெடைக்குதாம்மான்னு கேட்டாரு."

காக்கிச் சட்டையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

"எதிராளிதான் சார் அவரு. ஆனா நான் போன் பண்ணா எடுத்தாரு."